சுமியேவுக்கு உடுத்திவிட்ட காலம்

சினிமாவில் வேலை என்று சொன்னால் எங்கள் பங்குக் கோயிலில் ஆட்கள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "நடிக்கிறீங்களோ?" என்று கேட்பார்கள். "இல்லை, நடிக்கிற ஆக்களுக்கு உடுத்திவிடுறன்" என்பேன். அவர்களுக்குக் கதை அதோடு முடிந்துவிடும். உடுப்புப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, உங்களுக்கு அந்த இடத்தில்தான் கதை தொடங்குகிறது. அதனால்தான் எழுதித் தரும்படி கேட்டபோது உடனே ஓம் என்றேன்.

நான் மன்னாரில் பள்ளிக்கூடத்தில் சாதாரணதரச் சோதனை வரை படித்தவள். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெண்களுடைய சட்டைகள் தைத்தேன். அது மூடப்பட்ட பிறகு படப்பிடிப்புக்கு உடுப்புத் தைக்கிற ஓர் இடத்தில் சேர்ந்தேன். அங்கிருந்து படப்பிடிப்புத் தளத்துக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அதுதான் வேலை. ஆண்டவர் தந்த வேலை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். காலையில் ட்ரெய்லர் கதவைத் திறந்ததும், வரிசையாகத் தொங்குகிற உடுப்புகளுக்கு முன்னால் சிலுவை அடையாளம் போடாமல் ஒரு நாளும் ஊசியைத் தொட்டதில்லை.

ஊசி நூல் வேலையை மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது இடுப்பில் கட்டுகிற சின்னப் பையைப் பற்றி. நடிகை உடுத்தி முடிந்து கமராவுக்கு முன்னால் போகும்போது மோதிரம், கண்ணாடி, கைபேசி எல்லாவற்றையும் கழற்றி நம்மிடம்தான் தருவார். எனக்கு வேலை பழக்கிய இத்தாலிய அம்மா அந்தப் பையை என் இடுப்பில் கட்டிவிட்டு, "உள்ளே இருப்பது எதுவும் உனக்குச் சொந்தமில்லை. கைபேசி அதிர்ந்தால் அதிரட்டும். பார்க்காதே, எடுக்காதே. கேட்டால் கொடு" என்றார். வேறு விளக்கம் தரவில்லை. அந்த விதியை நான் மீறவில்லை. ஆனால் விதி சொல்லித் தராத ஒரு நாளும் வரும். அந்த நாளைச் சொல்கிறேன்.

சுமியே என்பவர் யப்பானிய நடிகை. கனடாவின் பசிபிக் கரையில் மீன்பிடித்து வாழ்ந்த ஒரு யப்பானியக் குடும்பத்தைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரில் பாட்டியாக நடிக்க ரொறன்ரோவுக்கு வந்தார். அவருக்கு அப்போது அறுபது தாண்டியிருக்கும். தொடரில் பாட்டிக்கு எண்பதுக்கு மேல். எனவே தினமும் வெள்ளை முடி விக்கை ஒட்டி, கன்னங்களில் சுருக்கத் தோலை ஒட்டி அவரைக் கிழவியாக்குவார்கள். பிறகு என்னிடம் வருவார்.

முதல் நாளே நான் பிழை விட்டேன். கிமோனோவின் முன் பக்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடிக்கவேண்டும். வலது பக்கம் மேலே வருகிற பெண்கள் சட்டை தைத்துப் பழகிய கை எனக்கு. யோசிக்காமல் வலது பக்கத்தை மேலே கொண்டுவந்துவிட்டேன். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"நான் இன்னும் சாகேல்லை."

எனக்குப் புரியவில்லை. யப்பானில் இடது பக்கம்தான் மேலே வருமாம். வலது மேலே வந்தால் அது பிரேதத்துக்கு உடுத்துகிற முறையாம். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவரோ கண்ணை மூடி, கைகளை நெஞ்சில் வைத்துப் பிரேதம் மாதிரி நின்றார். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இருவரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்போடு நான் அவருடைய ஆளாகிவிட்டேன். தொடரின் அடுத்த பருவத்துக்கு, அதாவது சீசனுக்கு, வந்தபோதும் என்னைத்தான் கேட்டாராம்.

எங்கள் இருவருக்கும் இருந்தது அரைகுறை இங்கிலிஷ். அரைகுறையும் அரைகுறையும் பேசினால் நன்றாக விளங்கும். நல்ல இங்கிலிஷ் பேசுகிறவர்கள் நடுவில் வந்தால்தான் எங்களுக்குக் குழம்பும். அவர் சொன்னவற்றை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், எனக்கு அப்படித்தான் காதில் நிற்கிறது.

அவருடைய தாய் ஒரு துறைமுக ஊரில் படமாளிகையில் ரிக்கெற் விற்றவர். தகப்பன் இல்லை. தாய் வேலை முடிக்கும்வரை பிள்ளைகளைத் திரைக்கு முன்னால் இருத்திவிடுவாராம். அப்படிப் படம் பார்த்தே வளர்ந்தவர் சுமியே. பதினேழு வயதில் நகரத்துக்குப் போய் ஒரு ஸ்ரூடியோவில் சேர்ந்தார். அங்கே முதலில் கிடைத்தது, பழைய காலப் படங்களில் கூட்டத்துக்குப் பின்னால் வாளி தூக்கிக்கொண்டு நடக்கிற வேலை. மற்றப் பெண்கள் வெறும் வாளி தூக்குவார்கள். இவர் கிணற்றடிக்குப் போய் நிறையத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நடப்பாராம்.

"ஏன்? கமராவுக்கு வாளிக்குள்ள தெரியவோ போகுது?" என்று கேட்டேன்.

"தோளுக்குத் தெரியுமே" என்றார்.

ஒரு இயக்குநர் அந்தத் தோளைக் கவனித்து, அடுத்த படத்தில் ஒரு வசனம் கொடுத்தார். பிறகு படங்கள் குறைந்து தொலைக்காட்சி வந்தது. ஒரு குடும்பத் தொடரில் வாய் திறக்காத மருமகளாக வருடக்கணக்காக நடித்தார். சந்தைக்குப் போனால் மாமியார்மார் நல்ல மீனாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பார்களாம், மருமகள்மார் "நீ வாயைத் திறந்து கதை" என்று ஏசுவார்களாம். அதன் பிறகு துப்பறியும் தொடர், சூப் விளம்பரம் என்று போய், ஐம்பதைத் தாண்டியதும் அழைப்பு நின்றுபோனது. "அம்மா வேசத்துக்கு வயசு கூட, அம்மம்மா வேசத்துக்கு வயசு காணாது" என்றார். அந்த நேரத்தில்தான் இந்தத் தொடர். இங்கிலிஷ் வசனங்களை வெறும் ஒலியாகவே பாடமாக்கி, வேறு நாட்டில் மறுபடியும் தொடங்கினார். அவரைப் பார்த்தால் தொழிலில் வயது போய்விட்டது என்று நீங்கள் ஒருவரும் சொல்லமாட்டீர்கள்.

இனி அந்த நாள். பருவத்தின் கடைசிக் காட்சி. ஸ்காபரோ மேட்டுக்குக் கீழே ஏரிக்கரையில் ஒரு மீன்பிடி ஊரையே கட்டியிருந்தார்கள். பாட்டி தன்னுடைய நல்ல கிமோனோவை உடுத்திக்கொண்டு, வராத படகுக்காகக் கரையில் நிற்கவேண்டும். பின்னேரச் சூரியன் மேட்டுக்குப் பின்னால் இறங்கினால் கரை முழுக்க நிழலாகிவிடும். அதற்குள் எடுக்கவேண்டும். மறுநாள் எல்லாவற்றையும் கழற்றிக் கரையை ஒப்படைக்கவேண்டும். எல்லாருக்கும் நெருப்பில் நிற்பதுபோல இருந்தது.

நான் சுமியேவுக்கு உடுத்தி, இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டி முடித்தேன். கைபேசியைத் தந்தார். பையில் போட்டேன். அது அதிர்ந்தது, மறுபடியும் அதிர்ந்தது. நான் பார்க்கவில்லை. அப்போது தர்ஷி கதவைத் தட்டினாள். உதவி இயக்குநர்களில் ஒருத்தி, இங்கே பிறந்த பிள்ளை, பெற்றோர் அஜக்ஸில் இருக்கிறார்கள்.

"அன்ரி, ஒருக்கா வெளியில வாங்கோ."

படியில் இறங்கினேன். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவவின்ர அம்மா ஹொஸ்பிட்டல்ல. அவவின்ர தம்பி ஒஃபிசுக்கு கோல் அடிச்சவராம், இவவின்ர ஃபோனை ஆரும் எடுக்கேல்லையாம்."

"ஃபோன் என்னட்டையெல்லோ கிடக்கு. கடுமையோ?"

"கடுமையாம். ப்ரொடியூசர் சொல்லுறா, சீன் முடியட்டும், தானே சொல்லுறன் எண்டு. நீங்கள் ஒண்டும் தெரியாத மாதிரி இருங்கோ அன்ரி, ப்ளீஸ். லைற் போனா எல்லாம் போச்சு."

"சரி பிள்ளை, நீ போ" என்றேன்.

கடுமை என்று கேட்டதுமே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். எங்களில் யாரும் சாவை நேரே சொல்வதில்லையே. என் அப்பா இறந்தபோது ஊரிலிருந்து அண்ணன் அழைத்து, "அப்பாவுக்குக் கொஞ்சம் ஏலாமக் கிடக்கு, நீ பதறாதை" என்றார். அப்போது ஊரில் கோயிலில் துக்க மணி அடித்து முடிந்திருந்தது. இங்கே மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுக்கு ஒவ்வொருவராக வந்து இருந்தார்கள். எவரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரோ தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்கள். நான் குடித்து முடித்த பிறகுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். எங்கள் ஆட்கள் வெறும் வயிற்றில் ஒருவருக்கும் செய்தி சொல்லமாட்டார்கள்.

ஆகவே சுமியேவின் தாய் போய்விட்டார் என்று மனதில் எடுத்துக்கொண்டேன். போனவர் போனவர்தான், காட்சி முடியும்வரை பொறுத்தால் ஒன்றும் குறையாது. பிள்ளை வெறும் வயிற்றோடு இருக்கக்கூடாது, அவ்வளவுதான். உள்ளே போய் என் ஃப்ளாஸ்க்கில் இருந்த தேத்தண்ணீரைச் சீனி கூடப் போட்டு ஊற்றிக் கொடுத்தேன்.

அவர் கோப்பையைப் பார்த்தார். பட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதென்ன?"

"தேத்தண்ணி. குடியுங்கோ."

"உடுத்தின பிறகோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பட்டியைக் கட்டிய பிறகு நான் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. கழிப்பறைக்குப் போகவேண்டி வந்தால் முழுவதையும் அவிழ்க்கவேண்டும். தாகம் என்று அவர் கெஞ்சினாலும் உதட்டை நனைக்கிற அளவுக்குத்தான் விடுவேன். அப்படிப்பட்டவள் கோப்பை நிறையத் தேத்தண்ணீரோடு நிற்கிறேன்.

"ஆருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

'ஒண்டுமில்லை, வெளியில குளிர் காத்து' என்ற பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் வாழ்நாள் முழுக்கப் பொய்யை உண்மைபோலச் செய்து சம்பாதித்த ஒருவருக்கு முன்னால் என் பொய் எடுபடாது. அது மட்டுமல்ல. அவருடைய தாயைப் பற்றிய செய்தியும் அந்தக் கைபேசி மாதிரித்தான். என் பையில் இருந்தது, எனக்குச் சொந்தமில்லை. அவர் கேட்டுவிட்டார்.

"உங்கடை அம்மா. ஆஸ்பத்திரியில. கடுமையாம். சீன் முடியச் சொல்லுவம் எண்டவை."

"செத்துப்போனாவோ?"

"எனக்குத் தெரியாது. எங்கடை ஆக்கள் இப்பிடித் தொடங்கினா முடிஞ்சுதெண்டுதான் நாங்கள் எடுப்பம்."

"என்ர தம்பி அப்பிடியில்லை. செத்தா செத்ததெண்டு சொல்லுவான். ஃபோனைத் தாரும்."

கொடுத்தேன். நின்றபடியே பேசினார். பேசும்போது அவர் தோள் இறங்கியது. தாய் உயிரோடு இருந்தார். கண் தெளிவாக இருக்கிறதாம், மருத்துவர்கள் நம்பிக்கை தரவில்லையாம்.

"குரலைக் கேட்க ஏலாது. காது போய்க் கனகாலம்" என்றார் என்னிடம். "பார்க்கத்தான் ஏலும். தாதி வந்ததும் தம்பி வீடியோ கோல் எடுப்பானாம்."

பிறகு கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். வெள்ளை முடி, தொங்குகிற கன்னம். வேறு யாரோ ஒரு கிழவி.

"அம்மாவுக்கு இவவைத் தெரியாது" என்றார். "கழட்டும்."

பிள்ளைகளே, இங்கேதான் கவனியுங்கள். முடியும் முகமும் நம்முடைய வேலை இல்லை. அவை முடிப் பகுதிக்கும் மேக்கப் பகுதிக்கும் உரியவை. நாம் ஒரு மயிரைக்கூடத் தொடக்கூடாது, அவர்கள் நம் பொத்தானைத் தொடக்கூடாது. சண்டை வராமல் வேலை நடப்பது அதனால்தான். மேக்கப் செய்கிறவரோ எங்கள் ட்ரெய்லர்கள் நின்ற மேட்டுக்குக் கீழே கரையில், மற்ற நடிகர்களோடு. அவரை வரவழைத்து விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அங்கே ஆஸ்பத்திரியில் என்ன ஆகுமோ தெரியாது. விக்கைக் கழற்றினால் மறுபடி ஒட்டச் சூரியன் காத்திருக்காது. காட்சி போகும், கரை போகும், அத்தனை பேருடைய உழைப்பும் போகும். எனக்கும் தர்ஷிக்கும் வேலையே போகலாம்.

சுவாமி படத்துக்கு முன்னால் நிற்க நேரமில்லை. மடு மாதாவை மனதுக்குள் கூப்பிட்டேன். இயேசுவின் சிலுவையடியில் நின்ற சேவகர்கள்கூட ஒரு தாயை மகனுடைய முகம் தெரிகிற தூரத்தில் நிற்கவிட்டார்கள். அவர்களிலும் கடுமையான ஆளாக நான் இருக்கப்போவதில்லை.

பக்கத்து மேக்கப் ட்ரெய்லரில் இருந்து பசை நீக்குகிற போத்தலையும் பஞ்சையும் எடுத்து வந்தேன். எத்தனை நாள் பார்த்திருக்கிறேன், முறை தெரியும். விக்கின் விளிம்பை நனைத்து, நெற்றித் தோல் உரியாமல் மெதுவாகத் தூக்கினேன். உள்ளே அவருடைய கறுப்பு முடி வியர்த்துப்போய் ஒட்டிக்கிடந்தது. வலக் கன்னத்துத் தோலைக் கழற்றித் துடைத்தேன். இடக் கன்னத்துக்குப் பஞ்சை நனைக்கும்போது கைபேசி அடித்தது.

"பொறுங்கோ, மற்றப் பக்கமும்..."

"இல்லை. இவ்வளவும் காணும்."

ஒரு பக்கம் அறுபது, மற்றப் பக்கம் எண்பது. அப்படியே திரையைத் தொட்டார். நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுப் படியில் நின்றேன்.

தர்ஷி ஓடி வந்தாள். அவளுடைய வோக்கி டோக்கி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"அன்ரி, எல்லாரும் ரெடி. அவவை விடுங்கோ."

"அவ இப்ப வரமாட்டா. விக்கைக் கழட்டிப்போட்டன்."

"என்ன செய்தனீங்கள்?"

"கழட்டிப்போட்டன். அம்மா உயிரோட இருக்கிறா. ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கினம்."

அவள் படியில் குந்திவிட்டாள். "ஓ மை கோட் அன்ரி. என்ர வேலை போச்சு."

"உன்ர வேலை போகாது. உடுப்பு அன்ரி சொல்லாமச் செய்துபோட்டா எண்டு சொல்லு. உண்மைதானே."

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"பயந்திட்டுத்தான் நிக்கிறன். கதவைத் திறக்கமாட்டன், அவ்வளவுதான்."

அவள் எழும்பினாள். பிறகு வோக்கி டோக்கியில் ஏதோ சொன்னாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, தன்னையும் காப்பாற்றிக்கொள்ளவில்லை. "சுமியே தாயோடு பேசுகிறார், நாங்கள் பொறுக்கவேண்டும்" என்று மட்டும் இங்கிலிஷில் சொன்னாள். பொறுப்பு என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் படிப்பித்திருக்கத் தேவையில்லை.

தயாரிப்பாளர் அம்மா மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டார். அந்தத் தாய்க்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்றேன். கதவுக்குள்ளே சுமியேவின் குரல் கேட்டது. திடீரென்று ஒரு சிரிப்பும் கேட்டது. தயாரிப்பாளர் கதவைப் பார்த்தார். பிறகு திரும்பி ஏரியைப் பார்த்தார். மேட்டு நிழல் அந்தப் பொய் ஊரின் கூரைகளில் ஏறிக்கொண்டிருந்தது. "லைற்றுகளைக் கழற்றச் சொல்லு" என்று தர்ஷியிடம் சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

சுமியே மறுநாள் விமானம் ஏறினார். அவர் போய்ச் சேர்வதற்குள் தாய் கண்ணை மூடிவிட்டார்.

என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு ஏசினார்கள். கேட்டுக்கொண்டேன். மேக்கப் செய்கிற பெண் நெடுநாள் என்னோடு பேசவில்லை. அவர் கோபித்தது சரி. நான் செய்ததும் சரி. இரண்டும் ஒரே நாளில் சரியாக இருக்கலாம், இதைத் தெரிந்துகொண்டால் வேலையிடத்தில் பாதி மனக்கசப்பு குறையும். தேத்தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். அது தொழிலில் பிழை. ஆனால் செய்தியைக் கேட்ட பிறகும் நான் வழக்கம்போல நடந்திருந்தால் சுமியேவுக்கு ஒன்றும் தெரிந்திராது. ஆண்டவர் நம்முடைய பழக்கங்களையும் பயன்படுத்துகிறார். ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். இன்னொருவர் வீட்டுச் சாவையோ வாழ்வையோ என் வீட்டு வழக்கத்தை வைத்து இப்போது முடிவு கட்டுவதில்லை.

கொஞ்ச நாள் கழித்து, விட்டுப்போன காட்சியை எடுக்க அந்த ஊரின் ஒரு மூலையை மட்டும் திரும்பக் கட்டினார்கள். சுமியே வந்தார். மெலிந்திருந்தார். முகத்தைப் போடுவதற்கு முன்பே என்னைத் தேடி உடுப்பு ட்ரெய்லருக்கு வந்து, கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"மற்றக் கன்னத்தையும் துடைச்சிருக்கவேணும், எனக்கு அது மனசில கிடக்குது" என்றேன்.

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அம்மா முதல் வலப் பக்கத்தைப் பார்த்தவ. என்ர பேரைச் சொன்னவ. பிறகு மற்றப் பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கைகாட்டினவ. காட்டினன். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தவ. சிரிப்பு வந்திட்டுது அவவுக்கு. 'கிழவியானா நீ இப்பிடித்தான் இருப்பாய் போல. அதுக்கு நான் இருக்கமாட்டன் எண்டு நினைச்சன். பார்த்திட்டன்' எண்டவ."

அவர் எழும்பி மேக்கப் ட்ரெய்லருக்குப் போனார். கதவு திறந்திருந்தது. அந்தப் பெண் சுருக்கத் தோலைக் கையில் எடுக்கும்போது சுமியே சொன்னது எனக்குக் கேட்டது.

"இடப் பக்கத்தை அண்டைக்கு மாதிரியே போடும். ஒரு கோடும் மாறக்கூடாது."